தோலும் சுளையும்

வாடா பேராண்டி. ஐ.பி.ன்னு இன்டர்நேஷனல் பாக்கலரேட் படிக்கிற புள்ள, கணக்குல ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போறியாமே! 12 பக்கத்துலருந்து 20 பக்கம், 20 மார்க்கு, கடைசி மதிப்பெண்ணுல அஞ்சுல ஒரு பங்குன்னு உங்க நைனா சொன்னான். தலைப்பு இன்னா? தங்க விகிதமா? பலே! அத்தயே படிச்சிப் படிச்சி வாத்தியாருக்கு, எல்லாரும் அதுக்கு உதாரணம் காட்டுற சூரியகாந்தியக் கண்டாலே தும்மல் வருதாம். நீயும் ஒண்ணு எழுது, மூக்கு அடைக்கட்டும்.

சொந்த ஈடுபாட்டுக்கு 3 மார்க்கு கீதாம். அதுக்குக் கம்ப்யூட்டர்கிட்டப் போயி, 'எனக்கு இதுல எப்படி ஆசை வந்துச்சு?'ன்னு கேட்டியாமே! பொண்ணு பாக்கப் பக்கத்து வீட்டுக்காரன அனுப்பிட்டு, அவன் கல்யாணத்துல எச்சிலை எடுத்தவன் கதைதான்.

இந்தக் கைநாட்டுக் கிழவன் சொல்றதக் கேளு. நான் ஆம்பூர் டேனரில தோல் அளந்தவன். ஒடுகத்தூர் சந்தை ஆடு இன்னா, ஸ்கேல் வச்சா தோல் வளக்குது? கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், காலு ஒரு பக்கம் நீட்டும். ஆனா விலை சதுர அடிக்கு. அளக்குற மிஷின்ல வரிசையாச் சக்கரம். தோலு எந்தச் சக்கரத்துக்குக் கீழ போவுதோ அது மட்டும் சுத்தும். சுத்தினதெல்லாம் கூட்டினா பரப்பு. பட்டை பட்டையாப் பிரிச்சிக் கூட்டுற அந்த வேலைக்கு உங்க புஸ்தகத்துல தொகையிடல்னு பட்டுச்சட்டை போட்டு வச்சிருக்கான்.

ஒரு துண்டுத் தோல வரைபடத்தாள்ல வச்சிக் கோடு போடு. 2 செ.மீ. பட்டையில ஒரு தரம், 1 செ.மீ.ல ஒரு தரம். சரிவக விதி இன்னா சொல்லுது, சிம்ப்சன் விதி இன்னா சொல்லுதுன்னு பாரு. ஈரத்தோல இழுத்தா பரப்பு கூடும். அந்த இழுப்புலயே வயிறு வளத்தவன் எத்தினி பேரு! உன் கணக்கு எங்க இழுபட்டுச்சுன்னு ஒளிக்காம எழுது. யோசிச்சிப் பாத்ததுக்குத் தனியா 3 மார்க்கு.

தோலு நாறுதா தொரைக்கு? அப்ப பலாப்பழம். கணக்கதிகாரம்ங்கிற பழைய கணக்குப் புஸ்தகத்துல காரிநாயனார் சொல்லிக்கீறாரு: காம்பச் சுத்தி இருக்குற முள்ள எண்ணு, 6-ஆல பெருக்கு, 5-ஆல வகு, சுளை எத்தினின்னு தெரியும். மெய்யா பொய்யா? அறுத்துத்தான் பாக்கணும். ஒரே பழத்த வச்சித் தீர்ப்பு சொல்லக்கூடாது, பத்தாச்சும் வேணும். நோட்டும் பேனாவும் நீ எடுத்துக்கினு வா. எண்ணி முடிச்ச சுளைய எங்க வைக்கிறதுன்னு நான் பாத்துக்கிறேன்.