முடிவுத் திகதி நீடிக்கப்பட்டுள்ளது

மொனராகலையில் யாரைக் கேட்டாலும் ஆளைக் காட்டிவிடுவார்கள். கையில் பிளாஸ்டிக் ஃபைல். சட்டைப் பையில் கறுப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று. எந்த நிறத்தில் நிரப்பச் சொல்வார்களோ, யார் கண்டது. நகக்கண்ணில் போஸ்டர் கலர். தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சித்திர சேர் இவர். சம்பளம் வாங்குவது சித்திரம் படிப்பிக்க. வாழ்வது என்னவோ நுண்கலை முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பம் போட.

படித்து முடித்தவர், படித்துக்கொண்டிருப்பவர் என்ற கணக்கில் இவர் அடங்கமாட்டார். படிக்க விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர். இந்த இனம் மொனராகலைக்கு மட்டும் உரியதல்ல. பசறையில் ஒருவர் உண்டு, லுணுகலையில் ஒருவர் உண்டு, அப்புத்தளைப் பக்கம் கணவனும் மனைவியுமாக விண்ணப்பிக்கும் ஜோடிகூட இருக்கலாம். கல்யாண வீட்டில் சந்தித்தாலும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கமாட்டார்கள். "குளோசிங் டேட் எப்ப சேர்?" என்பதுதான் சுகவிசாரிப்பு.

நான் ஓய்வுபெற்ற வாத்தியார், சமாதான நீதவான். போட்டோகொப்பியில் முத்திரை குத்தி, இது உண்மைப் பிரதிதான் என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு உண்டு. ஆகவே தீபாவளிக்குக்கூட வராத சொந்தக்காரர்கள் இருந்தாலும், இவர் வராத மாதம் இல்லை.

இவருடைய தலையில் இரண்டு ஏ4 எழுதியிருக்கிறது. ஒன்று தாள், மற்றது வீதி. கொழும்பில் புறப்பட்டு, இரத்தினபுரி, வெல்லவாய, புத்தளை வழியாக மொனராகலைக்கு வந்து, சியம்பலாண்டுவ, பொத்துவில் கடந்து மட்டக்களப்பில் முடிகிற ஏ4 நெடுஞ்சாலை இவர் ஊரை ஊடறுத்துப் போகிறது. மேற்கே பஸ் ஏறினால் கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம். 2005இல் தனிப் பல்கலைக்கழகமானது; படிப்பு பெரும்பாலும் சிங்களத்தில். கிழக்கே ஏறினால் மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். இரண்டு திசைக்கும் பஸ் வரும் ஒரே தரிப்பிடத்தில் நின்று, இரண்டுக்கும் கை காட்டாமல், கொமினிகேஷன் கடைக்குள் நுழைந்து இன்னொரு போட்டோகொப்பி எடுப்பவர் நம்மவர்.

எங்கள் ஊவா மாகாணத்திலேயே பல்கலைக்கழகம் இல்லையா என்பீர்கள். அதே 2005இல்தான் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்குப் பட்டம் உண்டு. இறப்பர்ப் பாலுக்கும் பட்டம் உண்டு. சித்திரத்துக்குக் கிடையாது. "கொழுந்தையும் பாலையும் சோதிச்சா ஆராய்ச்சி, அதையே படமா வரைஞ்சா பொழுதுபோக்கா சேர்?" என்று ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். சமாதான நீதவான் அல்லவா, சமாதானமாக இருந்துவிட்டேன்.

முதற்பட்டம் யாழ்ப்பாணத்தில். 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தில். நாலு வருஷத்தில் ஓவியத்தோடு, 'ஆமா'வுக்கு 'ஓம்' போட்டுக் கதைக்கவும் பழகி வந்தார். "என்னாடா, கூப்பிட்டா மந்திரம் சொல்ற" என்று அம்மா சிரித்ததும் அதை விட்டுவிட்டார். ஓவியத்தை விடவில்லை. அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

விண்ணப்பத்தின் முதற்கட்டம் பெயர். மற்றவர்கள் அரை நிமிடத்தில் தாண்டுகிற இந்தக் கட்டத்தில் மலையகத்து விண்ணப்பதாரர் ஒரு வாரம் பாய் விரித்துப் படுத்துவிடுவார். பிறப்புச் சான்றிதழில் இருப்பது அப்பா சொன்ன பெயரல்ல. அப்பா சொல்ல, ஒருவர் காதில் வாங்க, இன்னொருவர் சிங்களத்தில் எழுதிய பெயர். அடையாள அட்டையில் அதற்கு ஒரு கால் முளைத்திருக்கும். பட்டச் சான்றிதழில் ஒரு கொம்பு குறைந்திருக்கும். அப்பாவின் பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் ஆளையே காணோம். மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன். மும்மூர்த்திகளிடம்கூட இதுவரை யாரும் இப்படி ஒரு கடதாசி கேட்டதில்லை.

அடுத்தது போர்ட்ஃபோலியோ. அண்மைக்காலப் படைப்புகளில் தேர்ந்தெடுத்தவற்றைப் படம் பிடித்து அனுப்பவேண்டும். படைப்புகளுக்கா பஞ்சம்? மாரியம்மன் திருவிழாவுக்கு மேடைத் திரை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூங்கிலும் சாக்கும் கடதாசியுமாக எழுப்பிய கோபுரம்; பரிசு வாங்கிய அன்று பின்னேரமே மழையில் கரைந்தது. வெசாக்குக்குக் கூடு. ஆசிரியர் தினத்துக்கு வரவேற்பு வளைவு. தொழிற்சங்கத் தலைவர் வருகிறார் என்றால் பதாகை, அவர் வராவிட்டால் திகதி மாற்றிய பதாகை. ஓய்வுபெறும் அதிகாரிக்கு உருவப்படம். "தலையில முடிய கொஞ்சம் கூட்டுங்க சேர்" என்ற வேண்டுகோளுடன். செத்தவர்களின் படம் தனி. அடையாள அட்டைப் படத்தை வைத்துக்கொண்டு, "சிரிக்கிற மாதிரி போடுங்க, அவர் சிரிச்சு நாங்க பார்த்ததே இல்ல" என்று கேட்பார்கள். அதையும் செய்து கொடுப்பார்.

முன்பள்ளிச் சுவரில் யானை வரைந்த கதை ஒன்று உண்டு. கொழும்புப் பிள்ளைகளுக்கு யானை வரைந்தால் கைதட்டுவார்கள். மொனராகலைப் பிள்ளைகள் இராத்திரி கரும்பு தின்ன வந்த யானையை நேரில் கண்டவர்கள். "சேர், காது பிழை" என்றது ஒன்று. "வால் ரொம்ப சுத்தமா இருக்கு" என்றது மற்றது. இவ்வளவு கடுமையான கலை விமர்சகர்கள் லண்டனிலும் இல்லை.

இத்தனையையும் போர்ட்ஃபோலியோவில் போட்டால் என்ன? போடலாம். ஆனால் எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் படைப்புக்கு முன்னால் பிரதம அதிதி நிற்கிறார். திரையில் இவர் வரைந்த மயிலின் தோகை, அதிதிகளின் தலைகளுக்கு நடுவே அங்கங்கே தெரிகிறது. எந்தப் பல்கலைக்கழகம் பார்த்தாலும் அதிதிக்குத்தான் இடம் கொடுக்கும்.

தனக்கென்று இவர் செய்தது ஒன்றே ஒன்று. தோட்டத்தில் பால் வெட்டும் இறப்பர் மரத்தில் பால் பிடிக்கச் சிரட்டை கட்டுவார்கள். பழையதாகிக் கழித்த சிரட்டைகளை ஒரு வருஷமாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் முகத்தை வரைந்து, பள்ளிக்கூட மண்டபக் கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டார். அண்ணாந்து பார்த்தால் ஒரு தோட்டமே தலைகுனிந்து நம்மைப் பார்க்கிறது. இன்ஸ்டலேஷன் என்றார். முதலில் வந்த பார்வையாளர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. சிரட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஸ்டோர்ல குறையுதுன்னு தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். இரண்டாவதாக வந்தவர் இவருடைய அப்பா. ஆயுள் முழுக்கப் பால் வெட்டிய மனிதர். ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், "இதுக்கா யாழ்ப்பாணம் போன? சிரட்டை இங்கேயே இருந்துச்சே" என்றார்.

என்னைக் கேட்டால் போர்ட்ஃபோலியோவுக்கு அந்த ஒன்றே போதும். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைத் தோட்ட வாழ்க்கையைத்தானே கலையாக்கிக் காட்டினார். ஆனால் இவருக்குத் தயக்கம். "சிரட்டைய அனுப்பினா சிரிப்பாங்களோ?" என்று, மயிலையும் அதிதிகளையும் அனுப்பிவைப்பார்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டும். ஒன்று பல்கலைக்கழகத்தில் படிப்பித்த விரிவுரையாளரிடமிருந்து. அவருக்கு இவர் அனுப்பும் ஞாபகமூட்டல்களைத் தொகுத்தால் தனி நூலாகும். மற்றது அதிபரிடமிருந்து. அதை நானே வாசித்தேன். 'இவர் நேரந்தவறாதவர். டெங்கு ஒழிப்புக் குழுவின் இணைப்பாளராகச் சிறப்பாகச் செயற்பட்டவர். கிரிக்கெட் அணியை வலயமட்டம் வரை கொண்டு சென்றவர்.' சித்திரம் என்ற சொல்லைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாது.

பிறகு கலை நோக்கு பற்றிய கட்டுரை. இந்தியப் புலமைப்பரிசில் என்றால் 500 சொற்களில், ஆங்கிலத்தில். தமிழில் இவர் எழுதியதைப் பார்த்தேன், நல்ல எழுத்து. விடியுமுன் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நகரும் வெளிச்சத்தைத்தான் தன் முதல் ஓவியம் என்று எழுதியிருந்தார். அதை ஆங்கில சேரிடம் கொடுத்தார். அவர் தங்கமானவர், ஆனால் அவர் வாழ்நாளில் எழுதிய ஆங்கிலம் முழுவதும் லீவுக் கடிதம். ஆகவே ஓவிய நோக்கு, 'மிகத் தாழ்மையுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்' என்று தொடங்கி, 'இத்தால் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்' என்று முடிந்தது. ஓவியம் வரைந்ததற்காக இவ்வளவு மன்னிப்புக் கேட்ட கலைஞர் உலகத்திலேயே இவர்தான்.

வெல்லவாயவுக்குப் பக்கத்தில் புதுருவகல இருக்கிறது. ஒரே பாறையில் ஏழு உருவங்கள். நடுவில் நிற்கும் புத்தர் ஏறக்குறைய 51 அடி. ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய வேலை, பூசிய நிறத்தின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போதெல்லாம் இவர் அதன் முன்னால் கொஞ்சநேரம் பேசாமல் நிற்பார். பிறகு, "இதைச் செதுக்குன ஆளுக்கு ரெண்டு ரெஃபரீஸ் யாரு குடுத்திருப்பாங்க?" என்பார்.

எல்லாம் நிரப்பியாயிற்று. அரசாங்க உத்தியோகம் ஆகையால் நேரே தபாலில் போடமுடியாது. அதிபர் ஊடாக, அதற்கு மேல் உள்ளவர் ஊடாக, அதற்கும் மேல் உள்ளவர் ஊடாகப் போகவேண்டும். விண்ணப்பம் மேலே ஏற ஏறக் குளிர் கூடுமோ என்னவோ, ஒரு மேசையில் உறைந்து நின்றுவிடும். அது இளகுவதற்குள் முடிவுத் திகதி வந்துவிடும். ஆனால் நம்மவர் கலங்கமாட்டார். தமிழில் அவருக்கு மிகப் பிடித்த வசனம் 'முடிவுத் திகதி நீடிக்கப்பட்டுள்ளது' என்பதுதான். அதை வாசிக்கும்போது அவர் முகத்தில் வரும் ஒளியை, பரீட்சைப் பெறுபேறு வந்த அன்றுகூட நான் கண்டதில்லை.

காத்திருக்கும் காலத்தில் தலயாத்திரை போவார், வாயாலேயே. சென்னை ஓவியப் பள்ளி 1850. சாந்திநிகேதன் கலாபவனம் 1919. பரோடா நுண்கலைப் பீடம் 1950. பாடல்பெற்ற தலங்களைப் போல ஒப்பிப்பார். சாந்திநிகேதனில் வந்தால் குரல் தழுதழுக்கும். "1936ல ஆனந்த சமரக்கோன் அங்க ஓவியமும் சங்கீதமும் படிக்கப் போனார் சேர். ஆறு மாசத்துல விட்டுட்டு வந்துட்டார். வந்து தேசிய கீதத்தையே தந்தார். மஞ்சுஶ்ரீ பிக்குவா இருந்தப்ப சீன பாஷை படிக்கப் போனார், பெரிய ஓவியரா ஆயிட்டார்."

"அப்ப என்ன சொல்லவர்றீங்க?"

"பாடம்ங்கிற கட்டத்துல எதை நிரப்பினாலும் ஒண்ணுதான் சேர். போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

வீட்டில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. "படிச்சு முடிச்சா சம்பளம் எவ்வளவு கூடும்?" என்று மனைவி ஒருமுறை கேட்டார். இவர் சொன்ன தொகையைக் கேட்டு, இதுவரை போட்டோகொப்பிக்கும் பதிவுத் தபாலுக்கும் போனதைக் கழித்துப் பார்த்து, பேசாமல் குசினிக்குள் போய்விட்டார். மாமியாருக்கோ, மருமகன் இன்னும் பரீட்சை பாஸாகவில்லை என்றே எண்ணம்.

இதில் பெரிய வேடிக்கை, லயத்தில் யாருக்கு எந்தப் படிவம் என்றாலும் இவரிடம்தான் வருவார்கள். எழுத்து அச்சுப் போல இருக்கும். சேமலாப நிதி எடுக்கும் கிழவிகள், மத்திய கிழக்குக்குப் போகப் பாஸ்போட் கேட்கும் பெண்கள், அடையாள அட்டை தொலைத்த பொடியன்கள் எல்லாரும் ஞாயிறு காலையில் இவர் வாசலில். இவர் நிரப்பிய படிவம் திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. கிழவிகளுக்குக் காசு வந்தது. பெண்கள் ரியாத்துக்கும் குவைத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இவரிடம் சித்திரம் படித்த பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் இவர்தான் நிரப்பினார். அவர்களும் யாழ்ப்பாணம் போனார்கள், மட்டக்களப்பு போனார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது முதுமாணிக்கு விண்ணப்பிக்கிறாள். இவரிடமே பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தாள். கிரிக்கெட், டெங்கு எதுவும் இல்லாமல், அவள் கோடு எப்படி ஓடும், நிறத்தை எங்கே நிறுத்துவாள் என்பதை மட்டும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் வாசித்த பரிந்துரைகளில் அதுதான் உருப்படியானது.

இந்த வருஷ விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. சிரட்டையைத்தான் அனுப்பவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறேன், பாதி சம்மதித்திருக்கிறார். வாசகர்களில் அதிபர்கள் இருப்பீர்கள், வலயக் காரியாலயத்தில் மேசை வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். பிளாஸ்டிக் ஃபைலோடு ஒருவர் வந்து நின்றால், "இந்த வயசுல படிச்சு என்னா செய்யப்போறீங்க?" என்று கேட்கவேண்டாம். கையெழுத்தைப் போட்டு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பேனா தேடவேண்டியதில்லை, கறுப்பும் நீலமும் அவரிடமே இருக்கும்.