கேட் போட்டுட்டானா? நடவடிக்கை எடுக்கும் முறை

காரைக்குடிப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறீர்கள். ராகுகாலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும். “கேட் போட்டுட்டான்” என்கிறார் டிரைவர். பதறாமல் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். ஆச்சி கொடுத்தனுப்பிய மனகோலப் பலகாரத் தூக்கு மடியில் இருந்தால் இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இனி உங்கள் வேலை, அந்தப் ‘போட்டுட்டான்’ யார் என்று கண்டுபிடிப்பது.

கேட்கீப்பர் என்று நினைப்பீர்கள். அவரில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொன்னார், இவர் அடைத்தார். இன்டர்லாக் செய்த கேட்டில் அடைத்துப் பூட்டினால்தான் சிக்னலே விழும். ரயில் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும்போதே நீங்கள் நிற்பது அதனால்தான். “ரயிலையே காணோம், சட்டுனு திறந்து விடுங்கண்ணே” என்று மட்டும் கேட்காதீர்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது இன்டர்லாக் இல்லாத கேட், அடைக்காமலே சிக்னல் விழும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

சரி, ரயில் கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? தாமதமாக வந்திருக்கிறீர்கள். தென்னிந்திய ரயில்வே கம்பெனியை 1944-லேயே அரசு எடுத்துக்கொண்டது. இப்போது எதிராளி இந்திய அரசாங்கம். வாய்தாவுக்கு நீங்கள் போகிற வழியிலும் ஒரு கேட் இருக்கும்.

கோபத்தில் கம்பியைத் தூக்கிவிடலாம் என்று தோன்றும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம், பிரிவு 160: அடைத்த கேட்டைத் திறந்தால் மூன்றாண்டு வரை சிறை, உடைத்தால் ஐந்தாண்டு வரை. உங்களை இத்தனை நிமிடத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது என்று ஏதாவது பிரிவு இருக்கிறதா என்று நானும் புரட்டிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற மச்சான், “அமெரிக்காவில் எல்லாம் அபராதம் போடுவாங்க” என்பார். ஒஹையோ மாகாணத்தில் போடத்தான் செய்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ரயில் சாலையை மறித்தால் குற்றம் என்ற சட்டப்படி சிஎஸ்எக்ஸ் ரயில் கம்பெனி மேல் வழக்கும் நடந்தது. ரயில் மத்திய அரசின் சங்கதி, மாகாணச் சட்டம் செல்லாது என்று அந்த மாகாண உச்ச நீதிமன்றமே 2022-இல் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டை 2024 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை. மச்சானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மேம்பாலம் கேட்பது கௌரவமான வழி. ஒரு நாளில் போகும் ரயிலையும் வண்டியையும் பெருக்கினால் ஒரு லட்சம் வர வேண்டும். கணக்கில் மாட்டுவண்டி ஒன்று, ஆட்டோ அரை. ஆகவே கணக்கெடுக்கும் வாரத்தில் பங்காளிகளைத் திரட்டி, மாட்டுவண்டி கட்டிப் போகவும் வரவுமாக இருக்கச் சொல்லுங்கள். பாலம் கிடைத்தாலும் தண்டவாளத்துக்கு மேலே ரயில்வே கட்டும், இரண்டு பக்கமும் நெடுஞ்சாலைத் துறை கட்டும். இருவரும் ஒரே வருஷத்தில் கட்டி முடிக்க வேண்டும் என்று பிள்ளையார்பட்டியில் வேண்டிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வேண்டாம், ‘போட்டுட்டான்’ யாரென்று பார்த்தால் போதும் என்பவர்கள் 2019-இல் காரைக்குடி–திருவாரூர் பாதைக்கு வந்திருக்க வேண்டும். அகலப்பாதை ஆக்கி ரயில் விட்டாயிற்று, கேட்டுகளுக்குத்தான் ஆள் இல்லை. அதனால் கேட்கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட் வந்ததும் ரயில் நிற்கும். ஆள் இறங்கி அடைப்பார். ரயில் கடந்துபோய் மறுபடி நிற்கும். கேட்டைத் திறந்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். கேட்டில் நின்ற புல்லட்டுக்காரர் போட்டவரை நேருக்கு நேர் பார்க்கலாம். என்ன, திட்ட வாயெடுப்பதற்குள் அவர் வண்டியேறிப் போயிருப்பார்.