கால்குலேட்டரில் ஆல்ஃபா இருந்தால் ஆபத்தா, துரை?

விமானி உரிமத் தேர்வுக்கு எந்தக் கருவி ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லும் பெரிய துரை அவர்களின் சமுகத்துக்கு,

சுங்கை சிப்புட்டிலிருந்து, பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தின் பழைய கிராணி பணிவோடு எழுதிக்கொள்வது.

என் பேத்தி ஐரோப்பிய முறை விமானி உரிமத்துக்குப் படிக்கிறாள். 13 பாடம், ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு. அதையெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். மண்டபத்துக்குள் எதை எடுத்துப் போகலாம் என்பதுதான் எங்கள் வீட்டில் 14-ஆவது பாடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

விதி என்னவோ நாலே வரிதான். சைன்டிஃபிக் கால்குலேட்டர் வரலாம். ஆனால் புரோகிராம் ஏற்றக் கூடாது, எழுத்தும் எண்ணும் கலந்து வரக் கூடாது, விமானக் கணக்கு தெரிந்திருக்கக் கூடாது. கையால் சுற்றும் நேவிகேஷன் ஸ்லைடு ரூல் வரலாம். பாகைமானி, காம்பஸ், டிவைடர், அடிக்கோல் வரலாம்.

வீட்டில் எஸ்பிஎம் காலத்துக் கேசியோ எஃப்எக்ஸ்-570 இருக்கிறது. அதில் ஆல்ஃபா என்று ஒரு பொத்தான். அதோடு இன்னொன்றை அமுக்கினால் ஏ வரும், பி வரும், சி வரும். இது எழுத்தில் சேருமா, எண்ணில் சேருமா? ஒருவர் தாராளமாகக் கொண்டுபோ என்கிறார், மற்றவர் மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்கிறார். நாலைந்து எழுத்தை வைத்துக்கொண்டு பிள்ளை உங்களுக்கு மொட்டைக் கடிதமா போடப் போகிறாள்?

அடுத்தது சக்கரம், அதாவது அந்த ஸ்லைடு ரூல். அமெரிக்காவில் ஃபிலிப் டால்ட்டன் 1930களில் உருவாக்கிய கருவியின் வாரிசு. இன்றைய ஜெட்டில் கம்ப்யூட்டர் கண்சிமிட்டும் நேரத்தில் செய்வதை, பிள்ளைகள் வட்டத்தைத் திருப்பித் திருப்பிச் செய்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். காற்றின் வேகத்துக்கு பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, தட்டைத் திருப்பி, உள்ளே இருக்கும் பலகையை இழுத்தால், காற்று விமானத்தை எந்தப் பக்கம், எத்தனை பாகை தள்ளுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பொத்தான் விடையை மட்டும் சொல்லும். இது காரணத்தையும் காட்டும். அந்த மட்டில் துரைக்கு ஒரு கும்பிடு.

ஆனால் எந்தச் சக்கரம்? சிஆர்பி-1 விலை குறைவு. 300 நாட் வேகத்துக்கு மேல் பறந்தால் காற்று அமுங்குவதற்கும் கணக்குப் பார்க்க வேண்டும். அதற்கான சன்னல் சிஆர்பி-5-இல்தான் இருக்கிறது. அதற்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி எண்ணி வைக்க வேண்டும். ஈப்போ லிட்டில் இந்தியாவில் கற்பூரம் முதல் கல்யாணப் புடவை வரை கிடைக்கும். நாலு பக்கமும் பாகை எழுதிய டக்ளஸ் பாகைமானி கேட்டால், கடைக்காரர் ஜியோமெட்ரி பாக்ஸை நீட்டுகிறார்.

இத்தனையும் வாங்கி, தேர்வு வரைபடத்தில் அவள் அளப்பது அயர்லாந்து வானத்தை. பேராக்கில் காந்த ஊசி உண்மை வடக்கை விட்டு ஒரு பாகைகூட விலகாது. அந்தத் திருத்தம் போடும் தொல்லையே எங்களுக்கு இல்லை. அந்த நாட்டு ஷானனைச் சுற்றிப் பறக்கும் புண்ணியத்தில்தான் அதுவும் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் பால்மரம் திறக்கும்போது பட்டையில் 30 பாகைச் சரிவில் கோடு போடுவோம். அதற்கென்று தகரத்தில் வெட்டிய அச்சு உண்டு. எங்கள் வெள்ளைக்காரத் துரை எதெதற்கோ கூலியில் பிடித்தார், அந்தத் தகரத்துக்குப் பிடித்ததில்லை. கோடு ஒரே மாதிரி வர வேண்டுமானால் அச்சும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே மனு இவ்வளவுதான்:

1. எந்தக் கால்குலேட்டர் ஆகும் என்று மாடல் எண்ணோடு, படத்தோடு ஒரு பட்டியல் போடுங்கள்.

2. சக்கரத்தையும் பாகைமானியையும் மண்டபத்திலேயே மேசைக்கு ஒன்றாக வையுங்கள். முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்; எண்ண ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், முப்பது வருடம் பால்வாளி எண்ணிய கை.

நீங்கள் சோதிப்பது பிள்ளையின் மூளையை என்றால் இதில் உங்களுக்கு நட்டமில்லை. அப்பனின் பர்ஸை என்றால், அதையும் விதியில் ஐந்தாவது வரியாகச் சேர்த்துவிடுங்கள். இந்த வீட்டில் இன்னும் இரண்டு பேரப்பிள்ளைகள் விமானி ஆக வேண்டும் என்கிறார்கள். இப்போதே சீட்டுக் கட்ட ஆரம்பிக்கிறோம்.

இப்படிக்கு,
பேத்தியின் 2பி பென்சில்களுக்குப் பொறுப்பான கிராணித் தாத்தா