வாய்க்குள் ஒரு துத்தநாகம்

● துத்தநாக ஆக்சைடு நானோ மருந்து வாய்ப்புற்றுநோயை அழித்துவிடுகிறதாமே! வாட்ஸ்அப்பில் வந்தது. (தேனி வாசகர்)

ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுச்செல்களை அழிக்கிறது. அதுவரை உண்மை. ஆனால் தட்டில் இருப்பதைக் கொல்ல பினாயிலே போதும். நோயாளியை விட்டுவிட்டு நோயை மட்டும் கொல்ல வேண்டும், அங்கேதான் சங்கதி இருக்கிறது.

● அந்தத் துகள் அப்படி என்னதான் செய்யும்? (சேலம் வாசகி)

செல் அதை விழுங்கி, லைசோசோம் என்கிற தன் செரிமானப் பைக்குள் தள்ளும். உள்ளே நல்ல அமிலம். துத்தநாக ஆக்சைடு அமிலம் பட்டால் கரையும். துத்தநாக அயனிகள் செல்லுக்குள் கொட்டும். கூடவே ஆக்சிஜனின் முரட்டு வடிவங்கள் கிளம்பி மைட்டோகாண்ட்ரியாவைப் பதம் பார்க்கும். செல் தன் கதையைத் தானே முடித்துக்கொள்ளும். புற்றுக்கட்டியைச் சுற்றியும் சற்று அமிலத்தன்மை உண்டு. அதனால் அங்கே கூடுதலாக வேலை செய்யும் என்பது ஆய்வாளர்களின் நம்பிக்கை. வில்லங்கம் என்னவென்றால், லைசோசோம் நல்ல செல்லுக்கும் உண்டு. அளவு கூடினால் அதற்கும் அதே கதிதான்.

● பல் டாக்டர் எனக்குத் தற்காலிகமாக அடைத்ததும் துத்தநாக ஆக்சைடு என்றாரே? (காரைக்குடி வாசகர்)

அதேதான். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினாலோடு குழைத்து அடைப்பார்கள். காலமைன் லோஷனிலும் இருக்கிறது. நானோ என்றால் 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தலைமுடியின் தடிமன் சுமார் 80,000. அவ்வளவு சிறிதானால்தான் செல்லுக்குள் சுலபமாக நுழையும். தயவுசெய்து லோஷனை நாக்கில் தடவிப் பார்க்காதீர்கள்.

● ‘கேபி’ வகைச் செல்களில் செய்த வாய்ப்புற்று ஆய்வுகளை நம்பலாமா? (பல் மருத்துவ மாணவி, சிதம்பரம்)

சபாஷ், சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 1950-களில் வாய்ப்புற்றுச் செல் என்று பெயர் வாங்கியது கேபி. பிறகு சோதித்தால், அது ஹீலா! 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்த செல். அசுர வளர்ச்சி அதற்கு. பக்கத்துக் குடுவைகளையும் பிடித்துக்கொண்டது. ஆக, அதுவும் வாய்ப் புற்றுதான். கர்ப்பப்பை வாய்! இது தெரிந்த பிறகும் கேபியை வைத்துக் கட்டுரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முடிவைப் படிக்கும் முன் எந்தச் செல் என்று பாருங்கள்.

● ஊசியா, மாத்திரையா, எப்படிக் கொடுப்பார்கள்? (கரூர் வாசகர்)

ரத்தத்தில் செலுத்தினால் துகள்களில் பெரும்பங்கை கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாய் கைக்கெட்டும் இடம் என்பதால் ஜெல்லாகப் பூசலாம் என்று யோசிக்கிறார்கள். எச்சில் சும்மா விடுமா? கழுவிக்கொண்டு போய்விடும். இன்றைக்கு வாய்ப்புற்றுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ ஆகியவைதான் கதி.

● புகையிலை தொடமாட்டேன். வெறும் பாக்குதான். பயமில்லையே? (கும்பகோணம் வாசகர்)

பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே சொல்லிவிட்டது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகத் தொடங்கியிருக்கலாம். என் அடுத்த பதிலுக்குக் காத்திருக்காமல் பல் டாக்டரிடம் போங்கள்.

● நீங்கள் பாக்கு போடுவீர்களா? (அதே வாசகர்)

கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை மறக்காமல் வாங்குவேன். தேங்காய் நல்ல தேங்காயாக இருக்கும்.