எத்தனையாம் பிள்ளை?

என் மகளுடைய ரீச்சரின் பெயர் எனக்குத் தெரியாது. யூன் கடைசி வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு, ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை வாசலில் காருக்குள் இருந்தபோதுதான் இந்தச் செய்தி எனக்கே தெரியவந்தது. ரீச்சருக்கென்று இருபத்தைந்து டொலருக்கு ஓர் அன்பளிப்பு அட்டை வாங்கி, உறையில் பெயர் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். பேனா நகர மாட்டேன் என்கிறது. மனைவி இரவு வேலை முடித்து வந்து அப்போதுதான் படுத்திருந்தாள். அவளை எழுப்பி இதைக் கேட்பதைவிட அட்டையை விழுங்கிவிடலாம்.

பெயர் மறக்கிற ஆள் இல்லை நான். ஊரில் நான் படித்த பாடசாலையின் அதிபர்கள் பதினொரு பேரையும் ஆண்டு பிசகாமல் ஒப்பிப்பேன். அதன் பழைய மாணவர் சங்கக் கனடாக் கிளைக்கு நான் உபசெயலாளர். எட்டாம் வகுப்புக் கட்டடத்தில் எத்தனை ஓடு உடைந்தது, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, மலசலகூடம் கட்ட இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஸ்காபரோவில், வீட்டிலிருந்து நாலு நிமிடத்தில் இருக்கிற மகளின் பாடசாலையில் மலசலகூடம் எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் முழிப்பேன்.

"ரீச்சரின்ர பேரை எப்பிடி எழுத்துக்கூட்டிறது, குஞ்சு?" என்றேன், எழுத்தில் மட்டும்தான் சந்தேகம் என்பது போல.

"எந்த ரீச்சர்?"

"உன்ர ரீச்சர்தான்."

"எனக்கு நாலு ரீச்சர்மார். பிரெஞ்சுக்கு ஒராள், மியூசிக்குக்கு ஒராள்..."

"அவையில பெரிய ரீச்சர்."

"உயரமான ஆளோ?"

காரின் கண்ணாடியில் என் முகத்தை அவள் கொஞ்ச நேரம் படித்தாள். "உங்களுக்குத் தெரியாது, என்ன? அம்மாட்டச் சொல்ல மாட்டன். ஆனா எனக்கு ஒரு டோனட்."

இரண்டு வாங்கிக் கொடுத்தேன். பெயர் கிடைத்தது.

சைவப் பழமான நான் கத்தோலிக்கப் பாடசாலை வாசலில் நிற்பதற்குக் காரணம் மனைவி. அவள் இளவாலைக்காரி, கத்தோலிக்கப் பெண். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பத்திரம் இருந்ததால் தொடக்கப்பள்ளியில் இடம் கிடைத்தது. இங்கே கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிக்குப் பெரும்பாலும் அதுதான் நுழைவுச்சீட்டு. இந்த ஏற்பாட்டின் சரித்திரத்தை நான் பிறந்தநாள் விழாக்களில் விளக்காத ஆள் இல்லை. இலங்கையில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடு உதவி நன்கொடை பெற்ற மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இங்கே தலைகீழ். 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு கத்தோலிக்கரின் தனிப் பாடசாலைகளுக்குக் காவல் நிற்கிறது. ஒன்ராறியோ அரசாங்கம் காசு கொடுக்கிறது. 1984இல் முதலமைச்சர் பில் டேவிஸ் அந்தக் காசை உயர்நிலைப்பள்ளியின் கடைசி வகுப்பு வரைக்கும் நீட்டுவதாக அறிவித்தார். கியூபெக்கும் நியூஃபவுண்ட்லாந்தும் தொண்ணூறுகளில் இந்த வழக்கத்தை விட்டுவிட்டன. மற்றச் சமயத்தாருக்கு இது பாரபட்சம் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1999இல் சொன்னது. இந்த இடத்தில் நான் ரோல்ஸைக் கடிப்பதற்காக நிறுத்துவேன். மனைவி அந்த இடைவெளிக்காகவே காத்திருப்பாள்.

"இவ்வளவும் தெரிஞ்ச மனிசனுக்குப் பிள்ளையை எத்தனை மணிக்கு விடுவினம் எண்டு தெரியாது."

தெரியாதுதான். ஒன்ராறியோவில் பாடசாலை ஆண்டுக்கு ஆகக்குறைந்தது 194 நாள் இருக்கவேண்டும் என்று விதி. அந்த நாட்களில் நான் கட்டடத்துக்குள் கால் வைத்தது ஒரே ஒரு தடவை, பெப்ரவரியில். வாசலில் இறக்கிவிடுவதை மனைவி கணக்கில் சேர்ப்பதில்லை. ஆசிரியர்களின் பயிற்சிக்கென்று பிள்ளைகளுக்கு லீவு விடுகிற நாள் ஒன்றில், பூட்டிய கேற்றுக்கு முன்னால் மகளோடு இருபது நிமிடம் நின்று, "இண்டைக்கு எல்லாரும் லேற் போல" என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் அவள் சேர்ப்பதில்லை.

ஆக, அந்த வியாழக்கிழமை என் பாவமெல்லாம் ஒரே நாளில் கழுவப்பட வேண்டிய நாள். காலையில் ஆண்டிறுதித் திருப்பலி, மத்தியானம் வகுப்பில் கூட்டுச் சாப்பாடு, பின்னேரம் றிப்போட். மனைவி நித்திரை. எல்லாம் என் தலையில்.

திருப்பலி பக்கத்துக் கோயிலில். கோயில் என்றதும் கால் தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஊரில் மடு மாதா கோயிலிலே கழற்றினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இங்கே முந்நூறு பிள்ளைகளும் பார்த்தார்கள், அதுவும் பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கிற இடது காலுறையை. எழும்புவது, இருப்பது, முழங்காலில் நிற்பது எல்லாவற்றுக்கும் முன்வரிசையில் இருந்த ஒரு பிலிப்பினோ அம்மாவை நம்பியிருந்தேன். பாவம், அந்த அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அவர் எழும்பாத இடமெல்லாம் நானும் எழும்பவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விடைபெற்றுப் போகிறவர்கள் என்பதால் அவர்களைப் பீடத்துக்கு முன்னால் அழைத்து ஆசீர்வதித்தார் சுவாமியார். இவர்களில் பாதிப்பேர் என்னைவிட உயரம். நாலு வருடத்தில் என் குஞ்சும் அங்கே நிற்கும் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. அந்த நேரம் பார்த்து என் கைத்தொலைபேசியில் நாதஸ்வரம் ஒலித்தது. சங்கத்தின் பொருளாளர். இராப்போசன விருந்துக்கு ஆட்டிறைச்சிக் கறியா கோழிக்கறியா என்பது இன்னும் தீரவில்லை.

வெளியே வந்து சப்பாத்தைத் தேடினால் காணவில்லை. யாரோ நல்ல மனது உள்ள பிள்ளை அவற்றைத் தூக்கிப்போய்ப் பாடசாலை நடையில், தொலைந்த பொருட்கள் மேசையில் வைத்துவிட்டது. யூன் மாதத்தில் அந்த மேசையைப் பார்க்கவேண்டும். வெளியே முப்பது பாகை வெயில், மேசையில் பனிக்காலம் முழுவதும் படுத்திருக்கிறது. ஒற்றைக் கையுறைகள் மட்டும் ஒரு முப்பது இருக்கும். இத்தனை ஒற்றைக்கைப் பிள்ளைகள் இந்தப் பாடசாலையில் படிக்கிறார்களா? குவியலைக் கிளறியதில் மகளின் சாப்பாட்டுப் பெட்டிகள் மூன்று கிடைத்தன. அவற்றை நான் வேறு வேறு நாட்களில் வாங்கி, வேறு வேறு நாட்களில் ஏசியிருக்கிறேன். அடியில் ஒரு சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. யாரோ வளர்ந்த மனிதன் இதைக்கூடத் தொலைத்திருக்கிறானே என்று சிரித்துக்கொண்டு எடுத்துப் பார்த்தால், என்னுடையது. பெப்ரவரியில் நான் வந்துபோனதற்கு ஒரே சாட்சி.

கூட்டுச் சாப்பாட்டுக்கு நான் கொண்டுபோனது இரண்டு கிலோ மிக்ஸர். எங்கள் கடையில் அதிகம் கச்சான் போட்டுத் தருவார்கள். பெருமையோடு வாசலில் நீட்டினேன். கச்சான் என்று அறிந்ததும் அங்கே நின்ற தாய்மார் பாம்பைக் கண்டதுபோலப் பின்வாங்கினார்கள். அவர்களில் பிழை இல்லை. சப்ரினா ஷானன் என்ற 13 வயதுப் பிள்ளை உணவு ஒவ்வாமையால் 2003இல் இறந்தபின், அந்தப் பிள்ளையின் பெயராலேயே ஒன்ராறியோ 2005இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வாமைக்கு எதிராக ஒவ்வொரு பாடசாலைச் சபையும் திட்டம் வைத்திருக்கவேண்டும். செப்டெம்பரில் வீட்டுக்கு வந்த முதல் கடிதமே அதைப் பற்றியதுதான். நான் அதன் பின்பக்கத்தில் சங்க விருந்துக்கு ஸ்பொன்சர் கேட்கவேண்டிய ஆட்களின் பட்டியல் எழுதியிருந்தேன்.

"கச்சானைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தரட்டுமா?" என்று கேட்டேன். அது எவ்வளவு மோசமான கேள்வி என்பதை அந்தத் தாய்மாரின் முகத்தில் கண்டேன். ஆகவே காருக்குள் இருந்து மிக்ஸரைத் தனியாகச் சாப்பிட்டேன். அரைக் கிலோ வரை பொறுப்புணர்ச்சி, அதன் பிறகு ருசி. கையையும் வாயையும் மூன்று தரம் கழுவியபின்தான் உள்ளே போனேன். அப்போதுதான் மலசலகூடம் எந்தப் பக்கம் என்று அறிந்தேன்.

இனி றிப்போட். எங்கள் காலத்தில் றிப்போட் என்றால் ஒரே ஒரு விடயம். மூன்று தவணைக்கும், ஊர் முழுக்க, ஒரே கேள்வி: எத்தனையாம் பிள்ளை? முதலாம் பிள்ளை என்றால் தலை நிமிர்ந்து ஒழுங்கையால் வரலாம். இருபத்தேழாம் பிள்ளை என்றால் தோட்டத்துக்குள்ளால் வரவேண்டும். நான் தோட்டத்துப் பாதையில் எத்தனை வாழை நின்றது என்று இன்றும் சொல்வேன்.

இங்கே கொடுக்கிற றிப்போட்டில் அந்த இலக்கம் மட்டும் இல்லை. மற்ற எல்லாம் இருக்கிறது. பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், கூடி வேலை செய்தல், முன்முயற்சி, தன்னைக் கட்டுப்படுத்தல் என்று ஆறு குணங்களுக்கு ஓரெழுத்துத் தருகிறார்கள். என் மனைவி இந்த ஆறையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்து எனக்கும் எழுத்துப் போடுவாளோ என்ற பயம் எனக்கு உண்டு. ஆறாம் வகுப்பு வரை கணக்குக்கும் எழுத்துத்தான். ஏழாம் வகுப்பில்தான் நூற்றுக்கு இத்தனை என்றும், வகுப்பின் நடுப்புள்ளி இது என்றும் வரும். அதற்கு இன்னும் இரண்டரை வருடம். அதுவரை யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

நேரே ரீச்சரிடமே கேட்பது என்று தீர்மானித்தேன். அன்பளிப்பு அட்டையைக் கொடுத்து, பெயரைச் சரியாகச் சொல்லி வணக்கம் வைத்தேன். ஒரு டோனட்டின் ருசி நாவில் வந்தது. பிறகு கேள்வி. ஆங்கிலத்துக்கு எத்தனையோ திறமை இருக்கலாம், 'எத்தனையாம்' என்று கேட்க அதற்கு வாய் இல்லை. சுற்றி வளைத்து, விரலைக் காட்டி, கடைசியில் நெஞ்சைத் தொட்டு, "என் மகள் முதலாவது பிள்ளையா?" என்று கேட்டுவிட்டேன்.

ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ஒரே பிள்ளை என்றல்லவா எழுதியிருந்தாள்?" என்றார். நான் வெட்கத்தோடு, "முதலாவது என்று நம்புகிறேன்" என்றேன். அவர் கண்கள் விரிந்தன. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "வாழ்த்துகள்! எப்போது?" என்றார்.

எப்போது என்றால் பரிசளிப்பு விழாவைக் கேட்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். "செப்டெம்பரில் இருக்கலாம்" என்றேன். அவர் வகுப்பைப் பார்த்து ஏதோ சொல்ல, பிள்ளைகள் கைதட்டினார்கள். மகள் மட்டும் கைதட்டாமல் என்னை வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வரும்போது காருக்குள் அவள் ஒன்றும் பேசவில்லை. பேச்சை மாற்றக் கோடை விடுமுறைத் திட்டத்தை எடுத்தேன். அவளுடைய பட்டியலில் வொண்டர்லாண்ட், சென்ரர் ஐலண்டுக்குப் படகு, மிருகக்காட்சிசாலை. என் பட்டியலில் தமிழ் வகுப்பு, பதினாறாம் வாய்ப்பாடு. நகரசபையின் கோடை முகாம்களுக்குக் காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். அந்த நாளின் முந்திய இரவு கறி விவகாரக் கூட்டம் பன்னிரண்டரைக்குத்தான் முடிந்ததால் நான் எட்டரைக்கு எழும்பினேன். எஞ்சியிருந்த ஓர் இடம் நகரத்தின் மறுகோடியில், எற்றோபிக்கோவில். இரண்டு மாதத்துக்கும் உறுதியாக இருக்கிற ஒரே திட்டம் மனைவியுடையது: மிட்லண்ட் மறைசாட்சியர் திருத்தலத்துக்குத் தமிழர் யாத்திரை. 1926இல் கட்டிய கோயில். மடுவுக்குப் போவதுபோலவே இங்கும் சைவர்களும் போவார்கள். நான் போவதற்குக் காரணம் பக்தியோடு புளிச்சாதமும்.

வீட்டில் மனைவி எழும்பிச் சமையலறையில் நின்றாள். கைத்தொலைபேசி மேசையில் இருந்தது. மூன்று தாய்மார் ஏற்கெனவே அவளுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார்கள், ஒருவர் குழந்தைக் கட்டில் வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். இது ஒன்றும் எனக்கு அப்போது தெரியாது. "செப்டெம்பராம்" என்று மட்டும் சொன்னாள், கறியைக் கிண்டிக்கொண்டே.

அந்த நேரம் அம்மா வாட்ஸ்அப்பில் வந்தா. ஒலிபெருக்கியில்தான் பேசுவா, அவவுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"பிள்ளையின்ர றிப்போட் வந்திட்டுதோ?"

"ஓம் அம்மா."

"எத்தனையாம் பிள்ளை?"

எனக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. பொய்யில்லை, ரீச்சர் வாயாலேயே ஒரே பிள்ளை என்று வந்தது. "முதலாம் பிள்ளை அம்மா!" என்று கத்தினேன்.

அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் என்றா. பிறகு, யாழ்ப்பாணத்துத் தாய்மார் எல்லாரும் அடுத்துக் கேட்கிற கேள்வியைக் கேட்டா.

"அப்ப ரெண்டாம் பிள்ளை ஆர் மேனை?"

சமையலறையில் அகப்பைச் சத்தம் நின்றது.