மேம்பாலமும் சேமியா பாத்தும்: ஓர் ஒட்டாமை ஆய்வு

நோக்கம்

பெங்களூரு டவுன் ஹால் அருகே ஏறி, கே.ஆர். மார்க்கெட்டைத் தாண்டி, சிர்சி சர்க்கிளில் இறங்கும் மேம்பாலம் 1999இல் திறக்கப்பட்டது. நீளம் 2.65 கிலோமீட்டர். வெள்ளி விழா வயதைக் கடந்துவிட்ட இப்பெரியவருக்கு மரியாதை செய்யும் முகமாக, ஒரு தட்டு வெஜிடபிள் சேமியா பாத்தை முன்வைத்து அவரை ஆராய்கிறோம். இத்தாலியப் பாஸ்தாவுக்குச் சேமியா நம்மூர்ப் பங்காளி.

சம்பந்தம் உண்டா?

ஐயுறுவோர் அறிக: 2009இல் ஹங்கேரிய மாணவர்கள், ஒரு கிலோவும் தேறாத ஸ்பகெட்டிப் பாலத்தின் மீது 443 கிலோ சுமையேற்றிக் காட்டினர். மேலும், ஆற்றைக் கடக்கவே பாலம் என்ற பழங்கொள்கை இங்கே செல்லாது. காவிரித் தண்ணீரே சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் வழியே ஏறிவரும் ஊர் இது. இப்பாலம் கடப்பது பீன்ஸ், கேரட், பட்டாணி மூட்டைகளை. விடியுமுன் பாலத்தடியில் இறங்கும் அந்தக் காய்தான் காலை எட்டு மணிக்குத் தர்ஷினி உணவகத்தில், நின்றபடி சாப்பிடுகிறவர் தட்டில் பொடிப்பொடியாகக் கிடக்கிறது.

கோட்பாடு

வெந்நீர் பட்டதும் சேமியாவின் மாவுச்சத்து பசையாகி இழையோடு இழை ஒட்டும். அதனால்தான் சமையல்காரர் அதை நெய்யில் பொன்னிறமாக வறுத்து, அளந்து வைத்த தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே கொட்டுகிறார். பாலத்தின் நடுப்பகுதியில் வண்டிகளும் உதிரி உதிரியாகத்தான் போகின்றன. இறக்கத்தில் கீழ்ச்சாலை வண்டிகளும் வந்து சேர, எல்லாம் களியாகிவிடுகிறது. ஆக, குற்றம் பாலத்தில் இல்லை. இறங்குமிடத்தில் யாரும் அளவு பார்க்கவில்லை.

மறுப்பும் விடையும்

"இன்னொரு அடுக்கு போட்டால் தீருமே?" என்பார்கள். ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு வரை, மேலே மெட்ரோவும் கீழே வண்டிகளுமாக ஈரடுக்குப் பாலம் 2024இல் வந்தேவிட்டது. பாத்திரத்தைப் பெரிதாக்கலாம், அளவு தப்பினால் அதிலும் குழையத்தான் செய்யும்.

பரிந்துரை

இனி மேம்பாலம் வரையும் பொறியாளர் எவரும் முதலில் ஒரு கிலோ சேமியாவை உதிரியாகக் கிண்டிக் காட்ட வேண்டும். குழைந்துபோனால், மாலை ஆறு மணிக்குச் சிர்சி சர்க்கிள் இறக்கத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து அவரே அதைத் தின்று தீர்க்க வேண்டும். நேரம் தாராளமாகக் கிடைக்கும்.