துணி மாறினா தையலும் மாறணும் நைனா

வா நைனா, குந்து. கழுத்துல கம்பெனி அட்டை, கையில பேப்பர் கப்பு, மூஞ்சியில உலகத்துக் கவலை. டீயைக் குடி, ஆறிடப் போவுது. இன்னாது? இன்னிக்கு ‘மாற்றுப் பொருள்’ மீட்டிங்கா? தாமிரத்துக்குப் பதிலா அலுமினியம், பிளாஸ்டிக்குக்குப் பதிலா காயிதம். இதைப் பேச மூணு மணி நேரமா? சரி, கோவிச்சிக்காதே. கெழவன் வாய் சும்மா இருக்காது.

நான் இதே வேப்பமரத்தடியிலதான் குந்திக்கினு இருக்கேன். 2008-ல இந்த ஃபேக்டரி ஊருக்கு ஸ்ரீ சிட்டின்னு பேரு வெச்சாங்க. 2022-ல எங்க சத்தியவேடு சித்தூர் ஜில்லாவை உட்டுட்டு திருப்பதி ஜில்லாவுக்குப் போச்சு. நான் நகரவேயில்ல, ஜில்லாதான் நகந்துச்சு. போர்டை மாத்தினதுக்காக எங்க எருமை ஒரு சொம்பு பால் கூட கறந்துச்சா? பேரை மாத்தறதுக்கு ஒரு டப்பா பெயிண்டு போதும். பொருளை மாத்தறதுக்கு மூளை வேணும்.

உன் கையில இருக்குதே கப்பு, அதையே எடுத்துக்கோ. பேரு பேப்பர் கப்பு. வெறுங் காயிதத்துல வெந்நி ஊத்தினா நிக்குமா? அதனால உள்பக்கம் மெலிசா பிளாஸ்டிக் பூசியிருக்கான். தண்ணியில ஊறவெச்சு நகத்தால நெம்பிப் பாரு, வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு வரும். வெளியே சாமியாரு, உள்ளே சம்சாரி!

2022 ஜூலை 1-லேர்ந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரா கூடாதுன்னு நாடு முழுக்கச் சட்டம் போட்டாங்க. நல்ல சட்டம்தான். ஒடனே காயித ஸ்ட்ரா வந்துச்சு. எம் பேரன் எளநியில போட்டு உறிஞ்சினான். பாதி தண்ணி உள்ளே போவறதுக்குள்ள ஸ்ட்ரா தொவண்டு படுத்துக்கிச்சு. பிளாஸ்டிக்கு செஞ்ச வேலையைக் காயிதத்து தலையில அப்படியே தூக்கி வெச்சா அது இன்னா பண்ணும், பாவம்? எளநி வாயை அகலமா சீவிக் குடுத்திருந்தா அண்ணாந்து குடிச்சிருப்பான். சாமி உதட்டை எதுக்குக் குடுத்திருக்குது?

இப்ப எங்க ஆளுங்க கதையைக் கேளு. வாழை இலை கெடைக்காத ஊருல மந்தார இலையில சோறு போட்டாங்க. மந்தார இலை எத்தினிப் பெருசு? உள்ளங்கை அளவு. அதை வெச்சிக்கினு வாழை இலை மாதிரி நீட்டமா வேணும்னு அழுதாங்களா? பத்துப் பதினைஞ்சு இலையை வட்டமா அடுக்கி, ஈர்க்குச்சியால தெச்சாங்க. பச்சையா இருக்கறப்பவே தெச்சு, காயவெச்சு, கட்டா கட்டி வெச்சாங்க. பந்தி போடறப்போ தண்ணி தெளிச்சா மொறமொறப்பு போயி மடங்கிக் குடுக்கும். தெலுங்குல விஸ்தராகும்பாங்க, நாங்க தையல் இலைம்போம். வாழை இலை நீட்டம், தையல் இலை வட்டம். பொருளு மாறிச்சு, உருவமும் கூடவே மாறிச்சு. அதுக்கு எந்த ஆபீசுல மீட்டிங் போட்டாங்க?

நீ ஏசி கம்பெனிக்காரன். டைக்கின், புளூ ஸ்டார்னு இங்கேயே வரிசையா இருக்காங்க. தாமிரம் வெலை ஏறிப் போச்சு, அலுமினியம் போடலாம்னு சொல்றே. போடு, நான் வேணான்னேனா? ஆனா அதோட கொணத்தைத் தெரிஞ்சிக்கினு போடு. ஒரே தடிமன்ல ரெண்டு கம்பி எடுத்தா, தாமிரம் 100 பங்கு கரண்டு கடத்தற எடத்துல அலுமினியம் 60 பங்குதான் கடத்தும். அதே கரண்டு போவணும்னா கம்பியோட வெட்டுப் பரப்பு ஒண்ணரை மடங்குக்கு மேல வர்ற மாதிரி தடியாக்கணும். தடியானா கனக்குமேன்னு பயப்படாதே. தாமிரம் 9 கிலோ இருக்கற எடத்துல அலுமினியம் 2.7 கிலோதான். தடியாக்கின பெறகும் எடை பாதிதான் வரும். கம்பி தடிச்சா அது நொழையற பொந்தும் பெருசாவணும் இல்லியா? பழைய பொந்துல புதுக் கம்பியைத் திணிக்கப் பாக்காதே.

ஏசியோட வெளிப் பொட்டியைப் பாத்திருப்பே. தாமிரக் குழாய்னா உருண்டையா இருக்கும். புத்திசாலிங்க அலுமினியத்துக்கு வந்தப்போ, குழாயை ரிப்பன் மாதிரி தட்டையாக்கி உள்ளே பொடிப்பொடி துளையா உட்டாங்க. மொதல்ல காருங்கள்ல பழகின வித்தை அது. பாத்தியா, இங்கேயும் உருவம் மாறிச்சு.

அதோட முடிஞ்சிதா? கெழக்கே பழவேற்காடு ஏரி, உப்புக் காத்து. தாமிரமும் அலுமினியமும் ஒட்டற எடத்துல உப்பு ஈரம் பட்டா, தாமிரம் குத்துக்கல்லாட்டம் இருக்கும், அலுமினியம் கரைஞ்சுக்கினே போவும். ஓட்டை உழுந்தா? தாமிரக் குழாயைப் பக்கத்து ஊரு தடாவுல இருக்கற மெக்கானிக் நெருப்புல சேப்பாக்கி ஒட்டிடுவான். அலுமினியம் சேப்பாவறதுக்கு முன்னாடியே உருகி ஊத்திடும். அவனுக்குக் கத்துக் குடுத்தியா? சாமானை வித்துட்டு, ரிப்பேர் பண்ண ஆள் இல்லாம குப்பையில போடச் சொன்னா, அதுக்குப் பேரு பசுமையா?

எல்லாரையும் கிண்டல் பண்றேன்னு நெனைக்காதே. 2021-ல திருமலையில லட்டு போட ஒரு பை வந்துச்சு. பண்ணது ஆரு? ஏவுகணை பண்ற டி.ஆர்.டி.ஓ.காரங்க! சோள மாவுல பண்ணது, 90 நாளுல மக்கிடும்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். லட்டுப் பைக்கு எத்தினி நாள் ஆயுசு வேணும்? மலையிலேர்ந்து வீட்டுக்கு வர்றவரைக்கும். அதுக்கு எதுக்கு நூறு வருசம் சாவாத பிளாஸ்டிக்கு? ராக்கெட்டுக்கு ராக்கெட்டு அளவு, லட்டுக்கு லட்டு அளவு. அது புத்தி.

சரி, எழுந்திரு, சங்கு ஊதப் போறான். மீட்டிங்குல யாராச்சும் புதுப் பொருளைக் காட்டி பழைய டிசைன் படத்தையே மாட்டினா, இதுக்குத் தையல் மாத்துனியான்னு ஒரு கேள்வி கேளு. நாளைக்கு டீக்கு வர்றப்போ வீட்டுலேர்ந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கினு வா நைனா. அது உங்க பாட்டி காலத்துலேர்ந்து ஒழுகினதே இல்ல.